கடலுக்கும் ஒரு வருகைப் பதிவேடு வேண்டும்



இந்த ஜூலை 31 நள்ளிரவோடு நம்ம மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஜூன் 1 முதல் 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் மறுபடியும் இறங்கப் போகின்றன. என்னிடம் படித்த கடற்கரைப் பிள்ளைகளில் பலர் இந்நேரம் தேங்காய்ப்பட்டினத்திலும் கொச்சி தோப்பும்படியிலும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டோ, வலை பொத்திக்கொண்டோ, ஐஸுக்கும் டீசலுக்கும் ஆள் பிடித்துக்கொண்டோ இருப்பீர்கள். நீங்கள் இறங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். டீச்சர் எழுதினால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும், கிளம்பும் அன்றே, அதில் ஏறியவர்கள் யார் யார், எந்தப் பக்கம் போகிறார்கள், எத்தனை நாளில் திரும்புவார்கள் என்று எழுதிய ஒரு தாளைக் கரையில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அரசாங்கம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இது நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது. ஒரு மாதம் கண்ணுக்கெட்டாத கடலில் கிடக்கும் பன்னிரண்டு பேருக்கு ஒரு தாள் இல்லை என்பது சரியே இல்லை.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் சொந்தக்காரப் பையன் ஒருவன், நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாய்மரப் படகு வாங்கி, இரண்டு மாதம் தீவு தீவாகச் சுற்றத் திட்டம் போடுகிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கான பட்டியலைப் போட்டிருந்தான். எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை நாள் அரிசி, எந்த மாதம் காற்று எந்தப் பக்கம், எஞ்சின் நின்றால் என்ன செய்வது, பல்வலி வந்தால் என்ன மாத்திரை என்று நாலு பக்கம். படிக்கவே ஆசையாக இருந்தது. கீழே ஒருவர், “இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம ஆளுகளுக்கு எங்க தெரியும்” என்று எழுதியிருந்தார்.

அவர் நாஞ்சில் நாட்டுக்காரர்தான். அவர் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் தூத்தூர். ஆனால் நெல்லும் வாழையும் தெரிந்த நமக்கு அந்தக் கடற்கரை தெரியாது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கேரள எல்லையிலிருந்து குழித்துறை ஆறு கடலில் சேரும் இடம் வரை ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும் எட்டு ஊர்கள். சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். இந்தியாவில் ஆழ்கடல் மீன்பிடிப்பு என்று பேச்செடுத்தால் இந்த எட்டு ஊரைச் சொல்லாமல் முடியாது. இவர்கள் ஒரு முறை இறங்கினால் இருபது நாள், முப்பது நாள், சில சமயம் அதற்கும் மேலே. லட்சத்தீவு தாண்டி, மாலத்தீவு தாண்டி, டீகோ கார்சியா பக்கம் வரை போகிறவர்கள் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து அது சுமார் 1,800 கிலோமீட்டர்.

தமிழர்கள் தூரக்கடல் போவது புதிதும் அல்ல. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்க, அந்த ஊர் மாலுமிகளே அதை சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் தாண்டிக் கொண்டுபோய், 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அண்மையில்கூட, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், நம் கடற்படையின் ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகில், இரண்டே பேராக, 2024 அக்டோபர் 2-ல் கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் திரும்பி வந்தார்கள். எட்டு மாதம்.

ஆகவே தெரியாது என்ற பேச்சு வேண்டாம். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒருவன் இன்று ஸ்ராங்கு. ஒரு தடவை அவனை உட்காரவைத்து, ஒரு பயணத்துக்கு எப்படித் தயாராகிறாய் என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், பழைய ஞாபகத்துக்கு நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஆள் 12. நாள் 35. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். 12 பெருக்கல் 35 பெருக்கல் 5. 2,100 லிட்டர். எஞ்சின் பழுதாகிப் பத்து நாள் அலைந்தால் என்ன செய்ய? அதற்கு இன்னொரு 600. ஆக 2,700 லிட்டர். குளிப்பது, துவைப்பது எல்லாம் கடல் தண்ணீரில். அரிசி, பயறு, மரச்சீனி, தேங்காய், வெங்காயம், கருப்பட்டி. எது முதல் வாரத்தில் அழுகும், எது நாலாம் வாரம் வரை நிற்கும் என்று பார்த்துத்தான் சமையல் வரிசை. டீசல் சில ஆயிரம் லிட்டர். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கைவசம் ஒரு பங்கு என்று உலகமெங்கும் படகோட்டிகள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. இவன் அதைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவன் சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஐஸ். பயணம் எத்தனை நாள் என்பதை முடிவு செய்வதே ஐஸ்தான். டீசல் மிச்சம் இருக்கும், தண்ணீர் மிச்சம் இருக்கும், ஐஸ் கரைந்தால் கீழே கிடக்கும் மீன் போச்சு. அதனால் முதல் வாரம் பிடித்த மீனுக்கு எவ்வளவு, கடைசி வாரம் பிடிப்பதற்கு எவ்வளவு என்று முதல் நாளே பிரித்து வைக்கிறான். இதையெல்லாம் அவன் எழுதி வைப்பதில்லை. தலையிலேயே இருக்கிறது. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் முழித்த பையன்தான் அவன்!

அடுத்து கடல் பழக்கம். இவர்கள் தனிப் படகாகப் போவது குறைவு. சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர் என்று நாலைந்து படகு ஒன்றுக்கொன்று வயர்லெஸ் எட்டும் தூரத்தில் போகும். ஒரு படகில் தண்ணீர் குறைந்தால் இன்னொன்று கொடுக்கும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால், எந்தப் படகு முதலில் கரைக்குத் திரும்புகிறதோ அதில் ஏற்றிவிடுவார்கள். ஒரு படகின் எஞ்சின் நின்றால் இன்னொரு படகு கட்டி இழுத்து வரும். இழுத்து வருகிற படகுக்கு அந்தப் பயணத் தொழில் போச்சு, டீசல் காசு போச்சு. ஆனாலும் இழுத்து வருவார்கள். கடலில் ஆபத்தில் இருப்பவனுக்கு உதவியே ஆக வேண்டும் என்று 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டா இவர்கள் இழுத்து வருகிறார்கள்?

ஆக, திட்டம் போடுவதிலும், ஒருவருக்கொருவர் துணை நிற்பதிலும் நம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, அது நம்மிடம் இல்லை. என் சொந்தக்காரப் பையன் போட்ட பட்டியலின் கடைசிப் பக்கத்தில்தான் அதைப் பார்த்தேன். ‘கரையில் கொடுத்துவிட்டுப் போகும் தாள்’ என்று தலைப்பு. படகின் பெயர், நிறம், நீளம், ஏறியவர்கள் பெயர், வயது, அவர்களுக்கு இருக்கும் நோய், போகும் வழி, திரும்பும் நாள். அந்த நாள் தாண்டி எத்தனை மணி நேரம் ஆனால் யாருக்கு போன் செய்ய வேண்டும், அந்த எண். இவ்வளவும் ஒரே பக்கம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நீண்ட தூரம் போகும் படகுகள் தினம் காலையில் ஒரு குறித்த நேரத்துக்கு ரேடியோவைத் திறந்து வைப்பார்களாம். அன்றைக்குப் பொறுப்பேற்ற ஒருவர் ஒவ்வொரு படகின் பெயராகக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் இருக்கும் இடத்தைச் சொல்லி, எல்லோரும் நலம் என்பார்கள். அவர் குறித்துக்கொள்வார். ஒரு படகு பதில் சொல்லவில்லை என்றால் மற்றவர்கள் தேட ஆரம்பிப்பார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. “உள்ளேன் டீச்சர்” என்று நீங்கள் சொன்னதுதானே இது!

இந்தப் பழக்கத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018-ல் ‘துரியா’ என்ற படகில் தனியாளாக உலகம் சுற்றும் போட்டிக்குப் போனார். கோவாவில் கட்டிய படகு. செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில், எந்தக் கண்டத்தின் கரைக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, புயலில் படகு புரண்டு பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, எழ முடியாமல் கிடந்தார். ஆனால் அவர் எங்கே கிடக்கிறார் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நம் கடற்படை விமானம் போய்ப் பார்த்தது. அதே புயலில் தன் படகின் பாய்மரமும் முறிந்த அயர்லாந்துக்காரர் கிரெகோர் மெக்கக்கின் அவரை நோக்கித் தன் படகைத் திருப்பினார். செப்டம்பர் 24 அன்று ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை உயிரோடு தூக்கியது. மூன்று நாள். ஒரே ஒரு ஆள். அந்தப் பெருங்கடலில்.

அதற்குப் பத்து மாதம் முன்னால் நம்ம ஊரில் நடந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலம். மறுநாள் 30-ம் தேதி காலையிலேயே அது ஒக்கி புயல். ஒரே நாள். உள்நாட்டில் நமக்கு வாழையும் ரப்பரும் சாய்ந்தன. மரம் விழுந்து ரோடு அடைத்தது. கரண்ட் இல்லாமல் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். அதனால் நமக்குக் கடற்கரைச் சேதி வந்து சேரவே நாளாயிற்று. வந்தபோது நம் சொந்தக்காரர்கள் பலர் சொன்னது, “போகாதே என்று சொன்னால் கேட்க வேண்டாமா?” என்பது. ஆழ்கடல் படகுகளைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு தப்பு. அவர்கள் புயல் உருவாவதற்கு எத்தனையோ நாள் முன்பே கிளம்பிப் போனவர்கள். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். அவர்கள் கிடந்ததோ பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். எச்சரிக்கை அவர்கள் காதில் விழவே வழியில்லை.

ஆனால் நான் பேச வந்தது எச்சரிக்கையைப் பற்றி அல்ல. புயலுக்குப் பிறகு நடந்ததைப் பற்றி. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அதிகாரிகள் ஒரு எண் சொன்னார்கள், பங்குத்தந்தைகள் வீடு வீடாக எடுத்த கணக்கு வேறு எண் சொன்னது. நாளுக்கு நாள் மாறியது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டதில் முக்கியமானது எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்பதுதான். யாரை, எத்தனை பேரை, எந்த இடத்தில் என்று ஒரு தாள் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் அந்தத் தேடலின் முதல் சில நாள் வீணாகியிருக்காது.

குழப்பம் ஏன் வந்தது என்றால், நம் பிள்ளைகள் நம் ஊரிலிருந்து மட்டும் இறங்குவதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் மகாராஷ்டிரக் கரையில் 68 படகுகளில் 952 பேர் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள் என்று சேதி வந்தது. அவற்றில் 66 படகு கேரளப் பதிவு, 2 படகுதான் தமிழ்நாடு. ஆனால் கேரளப் பதிவுப் படகில் இருந்தவர்கள் எல்லோரும் கேரளத்துக்காரர்களா? நம் ஊர்ப் பிள்ளைகள் கேரளப் படகில் வேலைக்குப் போகிறார்கள், நம் ஆட்களின் படகுகளே பல கேரளப் பதிவில் ஓடுகின்றன. படகைப் பார்த்தால் ஒரு மாநிலம், ஆளைப் பார்த்தால் இன்னொரு மாநிலம்.

இது ஒக்கியோடு முடியவும் இல்லை. 2021 ஏப்ரல் 13 அதிகாலை மங்களூருக்கு மேற்கே ஆழ்கடலில் ‘ரப்பா’ என்ற மீன்பிடிப் படகும் சிங்கப்பூர்க் கப்பல் ஒன்றும் மோதின. படகு கேரளத்து பேப்பூரிலிருந்து வந்தது. அதில் இருந்த 14 பேரில் 7 பேர் தமிழ்நாடு, 7 பேர் மேற்கு வங்காளம். இரண்டு பேரைத்தான் உயிரோடு மீட்டார்கள். மோதியது கர்நாடகக் கடலில். அந்த ஏழு வங்காளத்துப் பிள்ளைகளின் பெயரும் வீட்டு போன் எண்ணும் யார் கையில் இருக்க வேண்டும்? படகுக்காரர், ஸ்ராங்கு, நம் ஊர், எல்லோருக்கும் அதில் பொறுப்பு இல்லையா? அவர்களுக்கும் கரையில் ஒரு அம்மா இருக்கிறாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.

ஒக்கி சமயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். படகு கிளம்பும் அன்று காலையில் ஒருவனுக்கு வயிற்று வலி. அவனுக்குப் பதிலாக என் பழைய மாணவன் ஒருவன் கடைசி நிமிடத்தில் ஏறினான். பிறகு யாரோ ஞாபகத்திலிருந்து சொல்லி எழுதிய பட்டியலில் வயிற்று வலிக்காரன் பெயர் இருந்தது. அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். கடலில் போனவன் பெயர் பட்டியலில் இல்லை. படகு திரும்பவில்லை. தன் புருஷன் அந்தப் படகில்தான் இருந்தான் என்று நிரூபிக்க அந்தப் பெண் எத்தனை படி ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் கை கொடுத்தது, கிளம்புவதற்கு முன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்த ஒரு போட்டோ.

கடலில் காணாமல் போனவர் இறந்ததாகக் கருத, பொதுவாக ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒக்கிக்கு அரசு அதைத் தளர்த்தி, காணாமல் போனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கும் முதல் படி, இந்த ஆள் இந்தப் படகில் ஏறினான் என்ற ஆதாரம். பணத்தை விடுங்கள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

“இப்போதுதான் கருவி எல்லாம் வந்துவிட்டதே டீச்சரே” என்று சிலர் சொல்வீர்கள். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் 2019-ல் ‘ஜெமினி’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் வழியாக வானிலைச் சேதி நடுக்கடலில் போனுக்கு வந்து சேரும். ஆனால் அது ஒருவழி. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. பிறகு இருவழியில் சேதி அனுப்பும், ஆபத்து என்றால் பொத்தானை அமுக்கும் டிரான்ஸ்பான்டர் கருவிகளை நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். கிடைத்தவர்கள் தயவுசெய்து பொருத்துங்கள், அணைத்து வைக்காதீர்கள். ஆனால் ஒன்று. அந்தக் கருவி படகு எங்கே என்று சொல்லும். படகில் யார் யார் என்று சொல்லாது. வயிற்று வலிக்காரன் இறங்கினான், இவன் ஏறினான் என்று அதற்கு எப்படித் தெரியும்?

ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குப் போகும் முன் டோக்கன் வாங்கும் பழக்கம் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஒரு ராத்திரி போய் மறுநாள் வருகிறவர்கள். ஒரு ராத்திரிக்கு அந்த ஒழுங்கு இருக்கும்போது, ஒரு மாதம் போகிற நமக்கு அதைவிடக் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்?

நான் இதைப் பேசியபோது மூன்று மறுப்பு வந்தது. மூன்றிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

முதலாவது, “போகும் இடத்தைச் சொன்னால் மீன் கிடக்கும் இடம் எல்லாவனுக்கும் தெரிந்துபோகும்.” உண்மைதான். அது பல வருட அனுபவத்தின் சொத்து. இதற்கு வழி இருக்கிறது. ஆட்களின் பெயரைத் திறந்த தாளில் கொடுங்கள். போகும் இடத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். திரும்பி வந்தால் உறையை ஒட்டியபடியே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். குறித்த நாள் தாண்டினால் மட்டும் பிரிக்கலாம். அபிலாஷ் டோமி போன போட்டியிலும் இப்படித்தான். பழைய முறைப்படி ஜிபிஎஸ் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு ஜிபிஎஸ் கருவி பெட்டியில் முத்திரை போட்டுப் படகிலேயே இருக்கும், உயிர் ஆபத்து என்றால் மட்டும் உடைக்கலாம்.

இரண்டாவது, “எல்லை தாண்டினோம் என்று கேஸ் போடுவார்கள்.” இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. டீகோ கார்சியா பக்கமும் மாலத்தீவிலும் செஷல்ஸிலும் நம் படகுகள் பிடிபட்டு, ஆட்கள் அங்கே சிறையில் கிடந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு நாட்டின் கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை அந்த நாட்டுக்குத்தான் மீன் உரிமை. அதை மீறாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனாலும் நான் கேட்கும் தாள் அரசாங்கத்துக்குப் போகும் தாள் அல்ல. அது உங்கள் ஊரில், உங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கும் தாள். பிடிபட்டாலும்கூட, அந்தச் சிறையில் கிடப்பவன் இன்னார் என்று சொல்லி மீட்க அந்தத் தாள்தான் உதவும்.

மூன்றாவதைத்தான் அம்மாக்கள் சொன்னார்கள். “போகும்போதே பெயரை எழுதி வைப்பது அபசகுனம் டீச்சரே, சாவுக்குக் கணக்கு எடுப்பது போல இருக்கு.” இதற்கு நான் சட்டம் பேச மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். படகு இறங்கும் முன் கோயிலில் திருப்பலி வைத்து, போகிறவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறீர்கள்தானே? சாமியார் அந்தப் பெயர்களைத் தாளில் எழுதி வைத்துத்தானே வாசிக்கிறார்? அதே தாள்தான் இது. அடியில் ஒரு தேதியும் ஒரு போன் எண்ணும் சேர்த்து எழுதுங்கள், அவ்வளவுதான்.

சரி, தாளில் என்ன இருக்க வேண்டும்? கரும்பலகையில் எழுதிப்போடுவது போலப் போடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. படகின் பெயர், பதிவு எண், எந்த மாநிலப் பதிவு, நிறம்.
2. கிளம்பும் துறைமுகம், நாள், நேரம்.
3. ஏறிய எல்லோருடைய பெயர், வயது, ஊர், வீட்டு போன் எண். வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரில் இருக்கும் ஒருவரின் எண் கட்டாயம்.
4. சர்க்கரை, வலிப்பு, நெஞ்சு வலி என்று யாருக்காவது தொந்தரவு இருந்தால் அது.
5. கூடப் போகும் படகுகளின் பெயர்.
6. திரும்பும் நாள். அதைத் தாண்டி எத்தனை நாள் பொறுக்கலாம் என்பது.
7. ஒட்டிய உறையில், போகும் திசையும் தூரமும்.

இதை முந்தின நாள் எழுதாதீர்கள். கயிறு அவிழ்க்கும்போது, ஆட்கள் எல்லோரும் ஏறிய பிறகு எழுதுங்கள். எழுதியதும் எல்லோரும் படகின் முன்னால் நின்று ஒரு போட்டோ. தாளையும் போட்டோவையும் கரையில் இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை. ஐஸ் ஏற்ற ஒரு ராத்திரி முழுக்க நிற்கிறீர்கள், இதற்கு ஐந்து நிமிடம் இல்லையா?

கரையில் தாளை வாங்கி வைப்பது யார்? பங்கு அலுவலகமாக இருக்கலாம், மீனவர் சங்கமாக இருக்கலாம். என்னைக் கேட்டால், ஒவ்வொரு ஊரிலும் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களிடம் கொடுக்கச் சொல்வேன். என்னிடம் படித்த பெண்பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன். பி.காம். முடித்தும் பி.எட். முடித்தும் வேலை கிடைக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்! ஒரு நோட்டுப் புத்தகம் போதும். போன படகு, வந்த படகு, வராத படகு. நாள் தாண்டினால் முதல் போன் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்கு. உங்கள் கையெழுத்து எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாதா?

படகுக்காரர்களாக இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலைக்கு வரும் பையன் பெயர் தெரியாமல் ‘பாய்’ என்றும் ‘பெங்காலி’ என்றும் கூப்பிட்டு ஒரு மாதம் கடலில் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். வகுப்பில் நான் யாரையாவது பெயர் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறேனா? பெயரைக் கேட்டு எழுதுங்கள் மக்களே.

உள்நாட்டுச் சொந்தங்களே, சந்தையில் மீன் விலை கேட்டு முகம் சுளிக்கும்போது, அதன் பின்னால் 35 நாளும் 2,700 லிட்டர் தண்ணீரும் இருப்பதை ஒரு நிமிடம் நினையுங்கள். அடுத்த புயல் வரும்போது “சொன்னால் கேட்க வேண்டாமா” என்று தொடங்காதீர்கள். “எத்தனை பேர் வர வேண்டியிருக்கு?” என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் 1-க்குள் இன்னும் சில நாள் இருக்கிறது. இதைப் படிக்கும் ஸ்ராங்குகள், படகுக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், யாராவது ஒரே ஒரு ஊரில் தொடங்கினால் போதும். தொடங்கியவர்கள் கீழே எழுதுங்கள். தாளை எப்படி வரைவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், கோடு போட்டு நானே எழுதி அனுப்புகிறேன். வேறு நல்ல யோசனை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம்.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள். போகும்போது பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்